போஸ்ட் ஆபீஸ் பெட்டியும் குற்றால எண்ணெயும்

மதினி இறந்துபோனபிறகு அவள் மகன் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். "அம்மா ஒங்களுக்குன்னு சொல்லி வச்சிருந்தா அத்தை" என்றான். மூடியைத் திறந்தேன். கறுப்புப் பலகைமேல் பித்தளைத் துண்டுகள், நடுநடுவே கட்டைவிரல் பருமனில் பித்தளைப் பிளக்குகள். மின்தடை அளக்கிற கருவி. தந்திக் கம்பிகளைச் சோதிக்க ஒரு காலத்தில் தபால் இலாகா வைத்திருந்ததாம். அதனால் கல்லூரி ஆய்வகத்திலும் அதற்குப் போஸ்ட் ஆபீஸ் பெட்டி என்றே பெயர். அவள் வேலை பார்த்த பள்ளியில் பழசைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

அறுபதுகளில் நாங்கள் இருவரும் தென்காசியிலிருந்து குற்றாலம் போய்ப் படித்தோம். ஒரே வகுப்பு. படிப்பு முடியுமுன்பே அவள் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டாள். இயற்பியல் செய்முறைத் தேர்வில் இருவரும் சேர்ந்தே தோற்றோம். தோற்பதிலும் இரண்டு வகை உண்டு. நான் பிறந்த வீட்டில் தோற்றவள், அவள் புகுந்த வீட்டில் தோற்றவள். எனக்கு அம்மா ஆறுதல் சொன்னாள். மருமகளிடம், இன்னும் ஒரே தடவை, அதிலும் போனால் புத்தகமெல்லாம் பரணுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். டீச்சராக வேண்டும் என்பதைத் தவிர மதினிக்கு வேறு ஆசை கிடையாது.

மறுதேர்வு செப்டம்பரில் வந்தது. அந்த வருஷம் சாரல் விட்டபாடில்லை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், குற்றாலம் வந்ததே பாக்கியம் என்று காலையிலேயே எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு மினுமினுவென்று வந்து நின்றார். மதினி கம்பிகளை இணைத்து, மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டரின் முள்ளை, அளவு சரி என்பதற்கு அடையாளமாக நடுவில் நிறுத்தியிருந்தாள். மனிதர் சந்தேகப் பிராணி. பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தன் கையாலேயே மறுபடி செருகி, இப்போது காட்டு என்றார். முள் நிற்காமல் ஓடியது. இணைப்பு தப்பு என்று பேனா மூடியைக் கழற்றினார். பக்கத்து மேசையிலிருந்த எனக்கே எண்ணெய் வாசம் தூக்கியது. எண்ணெய் பட்டால் பித்தளையும் பித்தளையும் சரியாகச் சேராது. எங்களுக்கு முதல் வகுப்பில் சொன்ன பாடம். என் நாக்கு நமநமத்தது. மதினி பிளக்குகளையும் துளைகளையும் முந்தானையால் துடைத்தாள். என்ன செய்கிறாய் என்று அவர் அதட்டினார்.

"சாரல் நேரம் சார். பித்தளையில ஈரம் ஏறிருது."

முள் நடுவில் வந்து நின்றது. அவர் தன் விரல்களைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். மதினி தேறினாள். நானும் தேறினேன், அதை யார் கேட்டார்கள்?

உள்ளதைச் சொல்ல உனக்கென்ன பயம் என்று பஸ்ஸில் அவளோடு சண்டை பிடித்தேன்.

"அவரு கையில இருந்தது எண்ணெ. நான் சொன்னா வாய்க்கொழுப்பும்பாவ. நான் பாஸாகணும்லா" என்றாள்.

அன்று அது எனக்குக் கோழைத்தனமாகப் பட்டது. அவள் ஓய்வு பெறும்வரை டீச்சராக இருந்தாள். நான் உள்ளதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வேலையிலும் நிலைக்கவில்லை.

இப்போது மேசைமேல் இருந்த பெட்டியில் ஒரு பிளக்கை எடுக்கப் போன நான் கையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் இல்லை என்பது அங்கேதான் உறைத்தது. வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பி வந்தபோது, கண்ணெல்லாம் ஏன் ஈரமாயிருக்கிறது என்று மதினி மகன் கேட்டான்.

"சாரல் நேரம்லா" என்றேன்.

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.