ராஜேஸ்வரியின் காதும் நம் காதுகளும்

ராஜேஸ்வரி அம்மாள் காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை நம் சிடி ரசிகர் குழுவின் வாட்ஸாப்பில் வந்தது. நான் பார்ப்பதற்குள் கும்பிடு பொம்மைகள் வரிசைகட்டிவிட்டன. "அவர் காதுக்கு ஈடு கிடையாது" என்று முதலில் எழுதியவர் நாமக்கல் கோழிப்பண்ணை குமாரசாமி. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டிலேயே அஞ்சலிக் கூட்டம் என்றும் அறிவித்திருந்தார். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் "உண்மை, உண்மை" என்றீர்கள். அவருக்குப் பின்பாட்டுப் பாடுவது நமக்குப் பழகிய வேலைதானே.

ரயில்வேயில் தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர் ராஜேஸ்வரி. சூரமங்கலத்தில் இருந்தார். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி சிடி கேட்ட நம் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பெண். நாம் கேபிளின் விலையைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து போய் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைப்பார். "ஒட்டி வெச்சா சுவருதாங்க பாடும்" என்பார். சிடியை நாம் வட்டமாகத் துடைத்தால் வாங்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துத் தருவார். அவர் போனதும் 'லைன்மேன் புத்தி' என்று சிரிப்போம்.

குமாரசாமி வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது, ஹால் முழுக்க நிறையும் என்பது அவர் பெருமை. இரண்டு வருடம் தலையாட்டினோம். மிருதங்கத்தில் கும் என்ற ஓசையே இல்லாததை ஒருவரும் கேட்கவில்லை. முதல்முறை அங்கு வந்த அன்றே ராஜேஸ்வரி ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். ஒன்றில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் அடித்தொனி எப்படி நிற்கும்? மாற்றிச் செருகினார். பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவில் ஆள் போல வந்து நின்றது. மிருதங்கம் நெஞ்சில் விழுந்தது.

குமாரசாமியின் முகம் சுருங்கியது. "சத்தம் ஒடுங்கிப்போச்சு. அம்மிணி, மொதல்ல இருந்த மாதிரியே வெச்சுடுங்க."

முன்புதான் விசாலமாக இருந்தது என்று நாமும் சொன்னோம். உள்ளே நமக்காகக் கறி வெந்துகொண்டிருந்தது. வேறு என்ன சொல்வோம்?

"தப்புன்னு தெரிஞ்சே என் கையால மாத்த மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறப் போய்விட்டார். வயரைத் திரும்ப மாற்றிச் செருகியவன் நான். குமாரசாமி முதுகில் தட்டினார். அடுத்த மாதத்திலிருந்து கூட்டம் பற்றி ராஜேஸ்வரிக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

போன வருடம் மனசு கேட்காமல் சூரமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய பிளேயரில், கையடக்க ஸ்பீக்கர்களில் ஒரு வயலின் கச்சேரி போட்டுக் காட்டினார். ரயில் போகும்போது நிறுத்தி, கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டார். வில் கம்பியில் உரசுவதுகூடக் கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க மாத்துனதும் குரல் அப்படியே நடுவுல வந்துச்சுங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது" என்றேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன்.

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா திருப்பி மாத்துனீங்க? உங்க காது அவ்வளவுதான்னு நெனச்சு இத்தனை நாளா உங்க மேல கோவமில்லாம இருந்தனுங்க."

டீ கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் சிடியை எடுத்து, நேராகத் துடைத்து உறையில் போட்டுவிட்டார். பிறகு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

உங்கள் யார் மேலும் அவர் கோபப்பட்டதில்லை. கேட்காத காதுகள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார். என் மேல் பட்டார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.