பித்தளைப் பேசினில் வைத்த கால்

என் வீட்டுக்காரர் நார்மன், பூனா பக்கம் தாபோடியில் ராணுவ இன்ஜினியரிங் காலேஜ் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் விடுகிற பம்ப் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொந்த ஊர் வடக்கன்குளம். மீசை முளைக்கிற வயதில் ரயிலேறி இங்கே வந்து, பம்ப் ஹவுஸிலேயே தலை நரைத்துப் போனவர். விடியற்காலம் இவர் வால்வைத் திறந்தால்தான் அத்தனை வீட்டிலும் அடுப்பு பற்றும். தண்ணீர் கொஞ்சம் பிந்திவிட்டால் பெண்கள் மாடியில் நின்று மராத்தியிலும் இந்தியிலும் திட்டுவார்கள். இவர் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "வருது தாயீ, வருது" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில், இந்த மனிதருக்குள் கோபம் என்கிற சாமானை வைக்க ஆண்டவர் மறந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கோவில் என்றால் இவருக்கு உயிர். எங்கள் கோவிலில் பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். இயேசு ஆண்டவர் சீடர்களுக்குக் கழுவினாரே, அதன் ஞாபகமாக. தமிழ் ஆட்களில் ஒருத்தர் வேண்டும் என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கடைசி நாற்காலி, ஆண்டவரை முப்பது வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாற்காலி என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவர் போய் அதிலே உட்காருவார். பூசை முடிந்து வெளியே வந்தால் கேலிதான்.

"யூதாஸ் அண்ணே, முப்பது வெள்ளிக்காசு வந்துச்சா?"

"வந்துச்சுடே, பென்ஷன்லயே சேத்துப் போட்டுட்டான்" என்று இவரும் சிரிப்பார்.

சாமியார் முன்னால் வந்து மண்டி போட்டு பேசினை வைத்ததும் இவர் கண்ணை மூடி, சிலுவை போட்டு, வலது காலை நீட்டிவிடுவார். வருஷா வருஷம் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரே மகள், அலினா. பிம்ப்ரியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். இந்த வருஷம் அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஜெரோஷ், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, பாணேரில் சொந்த ஃபிளாட். அப்பா இல்லை. அம்மா பிலோமின் அக்கா பேங்கில் ஆபீசராக இருந்தவர்கள். எங்களைவிட எவ்வளவோ மேலான இடம். ஆனாலும் அவர்களே தேடி வந்து கேட்டார்கள். ஈஸ்டர் பாஸ்கா முடிந்த கையோடு எல்லாம் பேசியாகி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் முதல் ஓலை வாசிப்பது என்று சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோவிலில் ஓலை வாசித்துவிட்டால் ஊர் அறிய உறுதி ஆன மாதிரி. அதற்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஜெரோஷ் ஏற்பாடு செய்தான்.

"மொராக்கன் ஃபைன் டைனிங், ஆண்ட்டி. பூனாலயே டாப். டேபிள் கெடைக்கிறதே முஷ்கில்" என்று ஃபோனில் சொன்னான்.

இவர் ஃபோனை வாங்கி, "அது எந்தப் பக்கம் தம்பி, மொராக்கோ?" என்று கேட்டார்.

"ஆப்பிரிக்கா, அங்கிள். பட் அரபு கல்ச்சர்."

"அப்போ ஆபிரகாம், ஈசாக்கு இருந்த பக்கம்."

"சம்திங் லைக் தட், அங்கிள்" என்று சிரித்தான்.

அந்த வாரம் முழுக்க இவருக்கு ஒரே பயம். "நம்ம பக்கத்துலருந்து ஒரு கொறையும் வந்துரக் கூடாது, மணி. பிள்ளை வாழ்க்கை" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். இருக்கிற சட்டையில் நல்லதாக ஒன்றை எடுத்து, அவரே இஸ்திரி போட்டார்.

சொன்ன நேரத்துக்கு இரண்டு குடும்பமும் போய்விட்டோம். டேபிள் ஜெரோஷ் பேரில் இருந்தும் நடையிலேயே நிற்க வைத்தார்கள். அங்கே நின்ற பெண் எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. எங்கள் செருப்பைத்தான் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள். அப்பா, என்ன இருட்டு! இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் ஒரு லைட் போடக் கூடாதா என்று எனக்குத் திகைப்பாகிவிட்டது. ஓட்டை போட்ட பித்தளை விளக்குகள் தொங்கின. சாம்பிராணி மாதிரி ஒரு புகை.

"தூபம் போட்டிருக்காவ, மணி" என்று இவர் மெதுவாகச் சொன்னார்.

நாற்காலி இல்லை. தரையில் மெத்தையும் திண்டும், நடுவில் ஒரு குட்டை மேசை. இவருக்குப் பம்ப் ஹவுஸ் படியில் விழுந்ததிலிருந்து வலது முழங்கால் மடங்காது. காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. எதிரே ஜெரோஷும் அவன் அம்மாவும். நானும் அலினாவும் இவர் பக்கம். ஜெரோஷ் உட்கார்ந்ததிலிருந்து விளக்கையும் திண்டையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போது வெள்ளை அங்கி போட்ட ஒரு வெயிட்டர் வந்தார். நரைத்த தாடி, இவர் வயதுதான் இருக்கும். தோளில் வெள்ளைத் துண்டு, ஒரு கையில் பித்தளைப் பேசின், மறு கையில் மூக்கு நீண்ட கெண்டி. நேரே வந்து இவர் முன்னால் மண்டி போட்டு, நீட்டியிருந்த காலுக்குப் பக்கத்திலே பேசினை வைத்தார்.

என் வீட்டுக்காரர் கண்ணை மூடினார். சிலுவை போட்டார். வலது காலைத் தூக்கி பேசினுக்குள் வைத்துவிட்டார்.

சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவத்தான் அது என்று அந்த நொடியில்தான் எனக்கும் புரிந்தது. "இங்கேருங்க, காலை எடுங்க! கைக்கு, கைக்கு!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அந்த வெயிட்டர் என்ன நினைத்தாரோ, இவர் பாதத்தில் தண்ணீரை ஊற்றி, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தும் விட்டார். இருட்டில் கிட்டத்தில் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இவர் கண்ணைத் திறந்து எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார். "விருந்தாளிக்குக் கால் கழுவுற தேசமாக்கும்னு நெனச்சுட்டேன். ஆபிரகாம் வந்தவங்களுக்குக் கால் கழுவத் தண்ணி கொடுத்தாருல்லா…" என்று முடிக்க முடியாமல் நிறுத்தினார். அலினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கோட்டுப் போட்ட மேனேஜர், சின்ன வயசு, விறுவிறுவென்று வந்தான். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பெரியவர்மேல் பாய்ந்தான். "சலீம்! அறிவிருக்கா? விருந்தாளி கை கழுவுற பாத்திரத்துல கால்? இதை இனி யார் முன்னாடி வைக்கிறது? நாளையிலேருந்து பின்னாடி போய் பாத்திரம் தேய்!" என்று இந்தியில் கத்தினான். அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் திண்டைப் பிடித்து எழுந்தார். அந்த முழங்காலோடு எழுவது சாமானியம் இல்லை. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. காலை வச்சது நான். நான் பெரிய இடத்துல சாப்பிட்டுப் பழக்கமில்லாதவன். தப்பு என்னுது" என்று இந்தியிலேயே சொன்னார். இத்தனை வருஷத்தில் இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அங்கிள், விடுங்க. உக்காருங்க. எல்லாரும் பாக்கிறாங்க" என்றான் ஜெரோஷ்.

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே போனான். சலீம் பாய் போகும்போது இவரைப் பார்த்து மார்பில் கை வைத்தார். இவரும் வைத்தார்.

அப்புறம் சாப்பாடு வந்தது. ஆண்டவர் தந்த உணவைக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே. கூஸ்கூஸ் என்று ஒன்று வைத்தார்கள். ரவையைத் தாளிக்காமல், உப்பில்லாமல் உதிர்த்துக் கொட்டின மாதிரி தொண்டையில் அடைத்தது. பஃப் மாதிரி ஒன்றின் மேலே பொடித்த சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவியிருந்தது. இனிப்பாக்கும் என்று கடித்தால் உள்ளே கோழிக்கறி! கூம்பு மூடி போட்ட மண்சட்டியைக் கொண்டுவந்து, என்னவோ திருநாள் மாதிரி மூடியைத் தூக்கிக் காட்டினார்கள். ஆவி பறந்தது. அதற்குள் நாலைந்து துண்டு ஆட்டுக்கறியும் காய்ந்த பிளம்ஸும். கறி மேலே சுடுகிறது, நடுவில் ஃபிரிட்ஜ் குளிர் அப்படியே இருக்கிறது.

"நல்லா… டிஃபரண்டா இருக்கு" என்றார்கள் பிலோமின் அக்கா. அவர்கள் தட்டிலும் கறி அப்படியே கிடந்தது.

"கறி உள்ள சில்லுனு இருக்கே ஜெரோஷ், சொல்லலாமா?" என்று அலினா கேட்டாள்.

"ப்ளீஸ் அலி, இன்னொரு சீன் வேண்டாம்" என்றான்.

என் வீட்டுக்காரர் மட்டும் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கடைசியில் உயரத்திலிருந்து ஊற்றின புதினா டீ வந்தது. பாகு மாதிரித் தித்திப்பு. பில்லை ஃபோன் வெளிச்சத்தில் பார்த்த பிலோமின் அக்கா, "ஜெரோஷ், இது சரியா பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். அவன் சரிதான் என்றான்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் பாவு ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டோம். "ஓலைக்கு ஒண்ணும் சொல்லிர மாட்டாவல்லா?" என்று இவர் கேட்டார். அதுதான் அவர் கவலை. தன்னால் மகள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று. நான் செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாள் அலினா பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முகமே சரியில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி, "இது உன் அப்பா மாதிரியே இருக்காரே" என்று ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாளாம். பேசினில் கால். நான் சட்டையைப் பிடித்து இழுக்கிறேன். கீழே சிரிக்கிற பொம்மை முகங்கள். யார் யாரோ அனுப்பி, யார் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"பக்கத்து மேசையில எவளோ எடுத்துட்டா போலருக்கு" என்றேன்.

"இல்லம்மா. நல்லா பாரு. இதோ என் துப்பட்டா. இதோ நடுவுல நம்ம டேபிள். எதுத்தாப்ல உக்காந்து எடுத்தது. ஜெரோஷ் எடுத்ததும்மா."

படம் அதோடு முடியவும் இல்லை. மேனேஜர் கத்துகிறான், இவர் திண்டைப் பிடித்து எழுகிறார், நின்று பேசுகிறார், "அங்கிள், விடுங்க" என்கிற குரல் கேட்கிறது. அது வரைக்கும் ஓடுகிறது. உட்காருங்க என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது!

அலினா அவனுக்கு ஃபோன் போட்டாள். "ஜஸ்ட் ஃபன், அலி. ஆபீஸ் குரூப்ல மட்டும்தான் போட்டேன். வெளிய போகும்னு தெரியாது" என்றானாம்.

இவர் வீடியோவை வாங்கிப் பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை பார்த்தார். "சலீம் பாய் முகம் தெரியுதே. அவருக்கு வேலை போயிருமோ?" என்றார்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ஓலை வேண்டாம்."

இவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னைச் சிரிச்சதுக்காகவாம்மா? என்னைச் சிரிக்காதவன் யாரு? கோவில்லயே சிரிக்கான்."

"அவங்க உங்க மொகத்துக்கு முன்னாடி சிரிப்பாங்கப்பா. நீங்களும் சேந்து சிரிப்பீங்க. இவன் ஒளிஞ்சு எடுத்து வித்துட்டான்."

"நான் காலை வைக்காம இருந்திருந்தா…"

"வைக்காம இருந்திருந்தா எனக்குத் தெரியாமயே போயிருக்கும்."

சனிக்கிழமை அப்பாவும் மகளும் சாமியாரைப் பார்க்கப் போனார்கள். நான் போகவில்லை, எனக்குத் தெம்பில்லை. யோசித்துத்தான் சொல்கிறாயா என்று சாமியார் கேட்டதற்கு அலினா ஆமாம் என்றாளாம். பிறகு சாமியார் இவர் முகத்தைப் பார்த்தாராம். இவரும் தலையை ஆட்டினாராம்.

ஞாயிறு பூசையில் வேறு இரண்டு பேருக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வரவில்லை என்று முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து உலை வைக்கும்போது பிலோமின் அக்கா ஃபோன் வந்தது.

"மணி, அவன் வெளையாட்டுத்தனமா பண்ணிட்டான். இதுக்குப் போயி ஒரு கல்யாணத்தை நிறுத்துவாங்களா?"

"உங்க மேல வருத்தம் இல்லக்கா. பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டா."

பிறகு கேட்டார்கள்: "அந்த வீடியோல ஒரு பொம்பள சிரிக்கிற சத்தம் கேக்குது. நேத்துலேருந்து போட்டுப் போட்டுக் கேக்கிறேன். அது நான்தானே?"

இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர்களும் புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்த்தவர்கள். ஆனால் அந்தச் சத்தத்தை நான் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டவள்.

"ஆமாக்கா."

"நார்மன் அண்ணன்கிட்ட ஃபோனைக் குடு" என்றார்கள்.

இவர் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு ஃபோனை வாங்கி, "சொல்லுங்க சம்பந்தி" என்றார். ஒரு மாதமாக அப்படிக் கூப்பிட்டுப் பழகின வாய். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. "அழாதிய, அழாதிய, ஒண்ணுமில்ல" என்று இவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அலினா உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்கவில்லை. எழுந்து வரவும் இல்லை.