வெல்டா வீட்டு மிட்டாய் வாசல்

வெல்டா ஸ்ட்ரிக்லர் யாரையும் லேசில் நம்பிவிடும் ஆளில்லை. ஒஹாயோவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில், சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்தே வயதானவள். புட்டிங்குக்கு இரண்டாம் முறை வரிசையில் வரும் பிள்ளையை, நிமிர்ந்து பார்க்காமலே பிடித்துவிடுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் தெருவைக் காவல் காத்தது.

அக்டோபர் வந்தால் மட்டும் அவள் வேறு மனுஷி. பேய் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாய் மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கு ஊரார் பூசணிக்காயில் பல் வெட்டி வைப்பார்கள். வெல்டா வீட்டுக்கே மிட்டாய் சாத்துவாள். கதவு நிலை முழுக்கச் சிவப்புக் கோடு போட்ட பெப்பர்மின்ட், ஜன்னலில் கறுப்பு மிட்டாய்க் கயிற்றில் பின்னிய சிலந்தி வலை, துணி போர்த்திய லாலிபாப் பேய்கள். எல்லாம் சர்க்கரைப் பசையில் நிற்கும்.

இந்த வருஷம் பெப்பர்மின்ட் குறையத் தொடங்கியது. அதுவும் நிலையின் உச்சியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். வெல்டாவின் பார்வை நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கோடையில் குடிவந்த லைல் ப்ரூயெட் நெட்டையர், தனிக்கட்டை, வாய் திறந்து நாலு வார்த்தை பேசாதவர். அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"அந்தாளு முழியே சரியில்ல ஆரின்," என்றாள் கணவனிடம்.

"அணில் தின்னிருக்கும், விடு."

"பெப்பர்மின்ட் திங்குற அணிலை நீதான் பாத்திருக்க. உனக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க."

ஆரினுக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் கண்டித்ததிலிருந்து வீட்டிலுள்ள இனிப்பையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது என்பது அவள் எண்ணம்.

பிறகு தெருவிலிருந்த தாய்மார்களுக்குப் போன் போட்டாள். "நான் யாரையும் குத்தம் சொல்லலம்மா. ஆனா எனக்கொரு பேரப்பிள்ளை இருந்தா, லைல் வீட்டு மிட்டாயை வாயில வைக்க விடமாட்டேன்." முன்பின் தெரியாதவர் தரும் மிட்டாய் என்றாலே பிரித்துப் பிரித்துப் பார்க்கும் தாய்மார்கள் அவர்கள். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கேக்குக்குப் போடும் பச்சைச் சாயத்தைப் பசையில் குழைத்து, உச்சியில் புது மிட்டாய்களை அதால் ஒட்டிவைத்தாள். திருடன் நாக்கே காட்டிக்கொடுக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஹாலோவீன் அன்று பொழுது சாயும்போதே வாசல் விளக்குகள் எரிந்தன. விளக்கு எரிகிற வீட்டுக்குப் பிள்ளைகள் போகலாம். லைல் வீட்டிலும் எரிந்தது. சூனியக்காரித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு, மடியில் பெரிய கிண்ணம் நிறைய மிட்டாயோடு அவர் உட்கார்ந்திருந்தார். குட்டிப் பேய்களும் எலும்புக்கூடுகளும் அந்தப் பக்கம் ஓடும். தாய்மார்கள் கையைப் பிடித்து இழுத்து வெல்டா வீட்டுக்குத் திருப்புவார்கள். வெல்டாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

அப்போது எதிரே நின்ற குட்டி வௌவாலைப் பார்த்து ஆரின் வாய்விட்டுச் சிரித்தார். அவர் நாக்கு பச்சைப்பசேல் என்றிருந்தது.

"அடப்பாவி! நீயா?"

"கதவுல ஒட்டிட்டா அது மிட்டாய் இல்ல, அலங்காரம்னு டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்னு பாத்தேன்," என்றார் ஆரின், குற்றவாளிச் சிரிப்போடு.

வேறு நாளாயிருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இப்போது அவள் கண் லைல் வீட்டுப் பக்கம் திரும்பியது. பக்கத்து வாசலில் அந்தக் கிண்ணம் குறையாமல் இருந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கையிலிருந்த மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புல்வெளியைக் கடந்து போனாள்.

"லைல், ஒரு நிமிஷம். நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"வேற வீடு பாருங்கம்மா," என்றார் மெதுவாக. "இந்த வீட்டு மிட்டாய் சரியில்லையாமே."

உள்ளே போய் விளக்கை அணைத்தார்.