நசரத்பேட்டைக்கும் கேக் உண்டு

மனைவி இறந்த பிறகு நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம், அவளுடைய இணையதளத்தைக் காலி செய்ததுதான். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையிலேயே கேக் செய்து விற்றுக்கொண்டிருந்தாள். படங்கள், விலை, போன் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, 'இப்போது ஆர்டர் எடுப்பதில்லை' என்று ஒரு வரி போட்டேன். அழுகை வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பதுபோல் நாள்கள் போயின.

ஆனாலும் அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வங்கி ஓடிபி வரும் என்று சொல்லி அதை ரீசார்ஜ் செய்து, சார்ஜும் போட்டு வைத்திருந்தேன். அது வெறும் சாக்கு.

"அக்கா கீறாங்களா? பாப்பாவுக்கு சர்ச்சுல புதுநன்மை வருது, கேக்கு வோணும்," என்றார் ஒரு பெண்.

"வெளியே போயிருக்காங்க," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அடுத்து அழைத்தவர்களுக்கும் அதையே சொன்னேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிற ஆள் நான். அந்தப் போனில் மட்டும் பொறுமையாகப் பேசினேன். தெரிந்தவர்கள் எல்லோரும் துக்கம் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இவர்களுக்கு மட்டும்தான் அவள் இன்னும் இருந்தாள்.

நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டால், தேடினால் வருகிறது என்றார்கள். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட ஒற்றை வரி, கீழே வெறும் வெள்ளை.

ஆபீஸில் பக்கத்து சீட்காரன் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன். கம்பெனிகளின் தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் அவன் வேலை. என் திரையில் அந்தப் பக்கத்தைத் திறந்து, வெள்ளை இடத்தின் மேல் மவுஸை அழுத்தி இழுத்தான். நீலப் பட்டைக்குள் எழுத்துகள் தெரிந்தன.

"மாமே, வெள்ளைல வெள்ளையா எழுதி வெச்சிகீறாங்க. பாக்குறவன் கண்ணுக்குத் தெரியாது, தேடுற மெஷினு மட்டும் படிக்கும். பழைய டகால்டி வேலை."

அம்பத்தூர், ஆவடி, அயனம்பாக்கம், முட்டை போடாத கேக், பிறந்தநாள் கேக், அவள் நம்பர். கடைசியில், 'நசரத்பேட்டைக்கும் கொண்டுவந்து தருவோம்.' ஸ்கூட்டரில் கேக் கொண்டுபோகிற ஆள் நான்தான். நசரத்பேட்டை பூந்தமல்லிக்கும் அப்பால். பூந்தமல்லி தாண்டினால் க்ரீம் உருகிவிடும், அந்தப் பக்கம் ஆர்டரே எடுக்காதே என்று கத்தியிருக்கிறேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, என் கண்ணில் படாமல் எழுதி வைத்திருக்கிறாள். கள்ளி. எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

"எடுத்துடவா மாமே? போன் தொல்லை உட்டுடும்."

"எடுத்துடு," என்றேன். அப்போது மனசில் ஒன்றுமே ஓடவில்லை.

தேடல் அந்தச் சொற்களை மறக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அழைப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நசரத்பேட்டையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"அக்கா எப்ப வருவாங்க?"

"கொஞ்சம் லேட்டாகும். என்ன கேக் வேணும்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்," என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார். முழுசாகக் கேட்டுக்கொண்டேன்.

போனுக்கு இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறேன். அவருக்குப் பிறகு, அவள் இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை.