வேப்பிலை வாசலும் ஒன்பதாம் மாத ஊசியும்

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் மூன்றாவது முத்தடுப்பு ஊசி போட்ட அன்று சாயங்காலம் வலிப்பு வந்தது. காய்ச்சல் நூற்று மூன்று. கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பத்தேழு. இழுப்பு நின்றபோது ஐம்பதுகூட ஆகவில்லை. பிள்ளை அப்படிக் கிடக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க எப்படி மனம் வந்தது என்று என் மனைவி பல வருஷம் கழித்து ஒருமுறை கேட்டாள். டாக்டர் கேட்பார் என்று தோன்றியது என்றேன். டாக்டர் கேட்கவும் செய்தார்.

"மூணு நிமிஷத்துக்குள்ளதானே? இது காய்ச்சல் வலிப்பு. சில பிள்ளைகளுக்கு வரும். பயப்பட ஒண்ணுமில்லை. அடுத்த ஊசியைத் தாராளமாப் போடலாம்" என்றார்.

அதையும் டைரியில் எழுதினேன். பலமுறை படித்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. முழுதாக நம்பவும் முடியவில்லை.

அப்போது எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியும் பஞ்சும் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. துணிக் கட்டுகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் என் பொறுப்பு. எத்தனை மணிக்கு உள்ளே போனது, சூடு எவ்வளவு ஏறியது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் பிறந்த நாளிலிருந்து அவளுடைய எடை, பால், காய்ச்சல் எல்லாம் என் டைரியில் உண்டு.

ஆனால் ஒன்றை நான் எழுதவில்லை. அந்த மூன்றாவது ஊசியன்று காலையில் என் மனைவி, "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, அடுத்த வாரம் போவோம்" என்றாள். அட்டையில் போட்டிருக்கிற நாளைத் தள்ளக்கூடாது என்று நான்தான் கூட்டிப்போனேன். வலிப்புக்குப் பிறகு அவள் இதைச் சொல்லிக்காட்டவே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒன்பதாம் மாத ஊசியைப் பற்றி நான் பேச்செடுத்தபோது, "நீங்க சொல்றப்பப் போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

அது தட்டம்மை என்கிற மணல்வாரி அம்மைக்கான ஊசி. புதன்கிழமைகளில் போடுவார்கள். ஒன்பது மாதம் முடிந்த முதல் புதன் கம்பெனியில் ஆய்வு என்று தள்ளினேன். அடுத்த புதன் பிள்ளை இரண்டு தடவை தும்மியது. மூன்றாவது புதனுக்குக் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலே போகவில்லை. நான்காவது புதனும் அப்படியே. போட்டு மறுபடி வலிப்பு வந்தால் நான் போட்டதால் வந்தது. போடாமல் அம்மை வந்தால் நான் போடாததால் வந்தது. இரண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நானே நின்றுகொண்டிருந்தேன்.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் சிரித்தார். "ஊருல உள்ள கிருமியெல்லாம் ஆவியில வேகவைக்கிற ஆளு. ஒத்த ஊசிக்கு இம்புட்டு நடுங்குதீரே!"

"உமக்கென்ன, உம்ம பிள்ளைக எல்லாம் எருமைக்கன்னு" என்றேன்.

"அதுகளுக்கு ஊசி போட்டது எங்க வீட்டு அம்மா. எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டுக்கார அக்காவின் கடைசிப் பையனுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. நாலு வயதுப் பையன். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். முன்பக்கம் அவர்கள், பின்பக்கம் நாங்கள். தெருவுக்கு ஒரே வாசல்தான், இரண்டு வீட்டுக்கும் அதுதான் வழி. எட்டு மணிக்கு அந்த வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்டியாகிவிட்டது.

அம்மை வந்தால் ஆத்தா வீட்டுக்குள் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தாளிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது. வெளியாள் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பவர் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது. ஊசி, மருந்து என்ற பேச்சே கூடாது, அவளுக்குக் கோபம் வரும். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை இதுதான் சட்டம். ஒரே வாசல் என்பதால் எங்களுக்கும் அதே சட்டம். வேலைக்குப் போகிற ஆம்பளைக்கு மட்டும் விலக்கு.

அன்று காலை வேப்பிலைக்குக் கீழே குனிந்து வேலைக்குப் போகும்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை உள்ளபடி எழுத வேண்டும். நிம்மதியாக இருந்தது. இனி இரண்டு, மூன்று வாரத்துக்கு முடிவெடுக்கிற வேலையை ஆத்தா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று அந்தப் பையன் இருமிக்கொண்டே என் மகளை மடியில் வைத்துக் கொஞ்சினான். வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தான். நாங்கள் பார்த்துச் சிரித்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் டாக்டரிடம் போனேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நாளைக்கே போடுங்க. ஒட்டிக்கிட்ட ரெண்டு மூணு நாளைக்குள்ள போட்டா அம்மை வராமப் போகலாம், இல்ல லேசா வந்து போகலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"ஊசிக்குக் காய்ச்சல் வருமா?"

"வரலாம். ஆனா இந்த ஊசிக்கு அன்னைக்கே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வரும்."

"ஒட்டிக்கிட்டிருந்தா அம்மை எப்ப வரும்?"

"அதுவும் ஏறக்குறைய அப்பத்தான்."

"அப்ப எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் சிரித்தார். "முடியாது. தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

மறுநாள் புதன். காலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளைக்குச் சட்டை மாட்டினாள். வாசலில் அக்கா உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன். "பிள்ளைக்கு வயித்தால போகுதுக்கா. டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருதோம்."

"மருந்து மட்டும் வாங்குங்க தம்பி. ஊசி கீசின்னு போட்றாதீக. ஆத்தா உள்ள இருக்கா. அவ கோவப்பட்டா ஒங்க பிள்ளையவா கேப்பா? படுத்துக்கெடக்கிற எம்பிள்ளையத்தான் கேப்பா."

அவள் மிரட்டவில்லை. கெஞ்சினாள். ராத்தூக்கம் இல்லாத கண்கள். ஊசி போட்டுவிட்டு வந்து, அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கும் நான்தான் என்று நினைத்துக்கொண்டே, "சரிக்கா" என்றேன்.

ஊசி போடுகிற நகராட்சிக் கட்டடம் இரண்டு தெரு தள்ளி. நர்ஸம்மா ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களையும் சேர்த்து மணல்வாரி ஊசிக்கு இரண்டே பிள்ளைகள்.

"இது அஞ்சு பிள்ளைக்கு உள்ள பாட்டில் சார். ஒடைச்சுட்டா மத்தியானத்துக்குள்ள தீர்க்கணும், இல்லைன்னா கீழே கொட்டணும். ரெண்டு பிள்ளைக்கு எப்படி ஒடைப்பேன்? நாலு பேராவது வரட்டும்."

பத்து மணிவரை உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. "என்னமோ எந்தத் தெருவிலேயோ ஆத்தா வந்திருக்காளாம். சுத்துப்பட்டுல ஒருத்தியும் பிள்ளையத் தூக்கிட்டு வர மாட்டேங்கிறா" என்றார் நர்ஸம்மா. எந்தத் தெரு என்று நான் சொல்லவில்லை. அம்மை வந்ததால்தான் நாங்கள் ஊசிக்கு ஓடிவந்திருந்தோம். அதே அம்மையால்தான் பாட்டில் உடையவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. அங்க கூட்டம் இருக்கும். பன்னெண்டுக்குள்ள போகணும்."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஒரு அம்மாள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். என் மனைவி கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நாங்க என்ன கடிச்சா தின்னுருவோம்?" என்று அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாதி வழியில் என் மனைவி காதருகே கேட்டாள். "இன்னைக்கும் கடியாரம் பார்ப்பீகளா?"

"இன்னைக்கு வராது. ஒரு வாரம் கழிச்சுத்தான் வரும்."

"அம்புட்டு நாளும் பார்க்கணுமாக்கும்" என்றாள். வலிப்புக்குப் பிறகு அதைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

பதினொன்று இருபதுக்கு இடது கையில் ஊசி போட்டார்கள். பிள்ளை ஒரு மூச்சு அழுதுவிட்டு ஊசி போட்டவரின் வளையலைப் பிடித்து இழுத்தது.

என் மனைவியின் பிறந்த வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அம்மை வீட்டிலிருந்து வந்தவர்கள் அங்கே போக முடியாது. அவளுடைய தம்பி வேலை பார்க்கிற கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம். எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தவன், வேப்பிலை விஷயத்தைச் சொன்னதும் பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"அத்தான், அங்கனயே நில்லுங்க. அக்கா, கோவிச்சுக்கிடாத. வீட்டுல அஞ்சு மாசக் கைப்பிள்ளை கெடக்கு."

"போடா, நானே வரலைன்னுதானே சொல்லுதேன்" என்றாள் அவள். அவன் இட்லிப் பொட்டலம் வாங்கிவந்து மதில்மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். "எடுத்துக்க. நாய்க்கு வைக்கிற மாதிரி இருக்குன்னு நெனைக்காத."

"இருக்கத்தான் செய்யுது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பஸ் ஏறிய பிறகு அவள் அழுதாள்.

அதற்குப் பின் எட்டு நாட்கள். காலை ஆறு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஆறு. தெர்மாமீட்டரைக் கண்டாலே பிள்ளை அக்குளை இறுக்கிக்கொள்ளப் பழகிவிட்டது. மத்தியானம் பார்க்கிற வேலை மனைவிக்கு. நான் கம்பெனியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி அதுதான். அவளுக்கு நான்கு சுவரும் எங்கள் அறையும் முற்றமும் மட்டும். முன்பக்கத்தில் பையன் இருமுகிற சத்தம். அவன் தேறிக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் ஒவ்வொரு இருமலுக்கும் நான் குற்றவாளியைப் போல நிமிர்ந்து பார்த்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் நூறு. சாயங்காலம் நூற்று ஒன்றரை. மறுநாள் காதுக்குப் பின்னால் சிவப்பாக ஏழெட்டுப் பொட்டுகள். நான் லீவு போட்டுவிட்டு ஈரத்துணியோடு உட்கார்ந்தேன். பிள்ளையின் விரல் சும்மா அசைந்தால்கூட என் கண் கடிகாரத்துக்குப் போனது. என் மனைவி எழுந்துபோய்க் கடிகாரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

வலிப்பு வரவில்லை. இரண்டரை நாளில் காய்ச்சல் இறங்கியது.

பொட்டுகளைக் கண்டதும் அக்கா தானே வேப்பிலை கொண்டுவந்து எங்கள் கதவிலும் செருகினாள். இளநீர் வெட்டிக் கொடுத்தாள். தன் பையனுக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்றிய அன்று மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் ஒரு குவளையை என் மகள் தலையிலும் ஊற்றினாள். "ஒனக்கு ஒத்தத் தண்ணி போதும்டி. ஆத்தா தொட்டும் தொடாமயும் போயிட்டா."

அன்று மத்தியானம் சுந்தரபாண்டியத்தில் கட்டிக்கொடுத்த அக்காவின் மூத்த மகள் எட்டு மாதப் பிள்ளையோடு வந்தாள். அடுத்த புதனுக்கு அடுத்த புதன் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்கள், போடலாமா என்று அம்மாவைக் கேட்டாள்.

"எதுக்குட்டி? பின்வீட்டுப் பிள்ளையப் பாரு. ஊசி கீசி ஒண்ணும் கெடையாது. எப்படி லேசாப் போச்சு! நம்பிக் கெடந்தாப் போதும்."

நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த மகள் தன் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். பிள்ளையின் வாயில் முன்பற்கள் இரண்டு. நான் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வீடு நல்ல வீடு. அக்கா எங்களிடம் அன்பாக இருந்தாள்.

"அக்கா, ஊசி போட்டோம்" என்றேன். "அன்னைக்கு வயித்தால போகல. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஊசிதான் போட்டுட்டு வந்தோம்."

அக்கா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள். "ஆத்தா உள்ள இருக்கையிலயா?"

"ஆமாக்கா."

"அப்ப இது ஊசிக்கு வந்த காச்சலா, ஆத்தா வந்ததா?"

"தெரியலக்கா. டாக்டருக்கும் தெரியல."

"தெரியாதவுக எதுக்கு எங்கிட்டச் சொல்லுதீக?" என்று எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அவளுடைய மகள் மட்டும் முற்றத்திலேயே நின்றாள். என் மனைவியிடம் போய், தன் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "ஆஸ்பத்திரில எந்தப் பக்கம்க்கா போடுதாக? அங்க எத்தன மணிக்கு வரச் சொல்லுவாக?" என்றாள்.

"பன்னெண்டுக்குள்ள போயிரணும்" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் காச்சல் வரும். பயமாத்தான் இருக்கும்."

அந்தப் பெண் போனாளா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போய்விட்டோம்.