பொக்லைன் புகுந்த வகுப்பு

"லோகப்பிரியா, சூழலியல் கல்வி ஒருங்கிணைப்பாளர். காடு மலைகளில் நீண்ட கள அனுபவம் உள்ளவர். எவரையும் நொடியில் நண்பராக்கிக்கொள்ளும் கலகலப்பானவர்."

பீளமேட்டுப் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றின் அட்மிஷன் புத்தகத்தில், வழவழத் தாளில் இப்படி அச்சாகியிருந்தது. அச்சான நாளில் லோகப்பிரியா அங்கே லேப் அசிஸ்டென்ட். காட்டு அனுபவம் என்பது வால்பாறை முகாம் ஒன்றில் அட்டை கடித்து அழுதது. கலகலப்பைப் பொறுத்தவரை, ஸ்டாஃப் ரூமில் அவள் 'குட் மார்னிங்' தவிர வேறெதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அந்தியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். தோட்டத்தில் மஞ்சளும் கரும்பும் நின்றன. அவளுக்கு மட்டும் வரப்பு மிதிக்க அனுமதியில்லை. "சேத்துல காலு படக்கூடாதுன்னுதானே கண்ணு படிக்க வெச்சது" என்பார் அப்பா செங்கோடன். படித்து, ஐ.டி. வேலைக்கும் போனாள். ஞாயிறுகளில் குளக்கரையில் பறவை பார்க்கும் கூட்டமொன்றில் சேர்ந்து, பயிற்சிக் கட்டணம் கட்டி, முதன்முதலாக மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். கூட்டம் மெல்லக் கரைந்து வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதோடு நின்றது. அவள் நிற்கவில்லை. ஆனால் காந்திபுரம் ஹாஸ்டல் அறைக்குத் திரும்பினால், குளத்தில் பார்த்த நாமக்கோழியைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. பிள்ளைகளிடம் சொல்லலாமே என்று தோன்றியதுதான் வினை. வேலையை விட்டு பி.எட். படித்தாள். கிடைத்தது லேப்.

"பூச்சி பொறுக்கறதுக்குத் தோட்டத்துலயே இருந்திருக்கலாமல்லோ?" என்றார் அப்பா போனில்.

"வந்துரட்டுமாங்கப்பா?"

"வேண்டாஞ்சாமி. சனம் என்ன பேசும்?"

பள்ளிக்குப் பின்னால் ஒரு புதர்நிலம். எருக்கு, தும்பை, இலைக்கடியில் புழு, மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சி. மதிய இடைவேளைகளில் அவளுக்கு அதுதான் துணை. தாளாளர் லட்சுமணசாமி ஒருநாள் சொன்னார்: "பேரன்ட்ஸ் முன்னால அங்கயே ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டுங்க அம்மணி. நல்லா இருந்துதுன்னா வாரம் ஒரு பீரியட், டீச்சர் போஸ்ட். இல்லீன்னா லேபுதானுங்க."

விருந்தாளி வருகிறபோது வாசலைக் கூட்டாமல் விடுவது இந்த ஊரில் பெரிய மரியாதைக்கேடு. தாளாளரோ மரியாதைக்காரர். வகுப்பு நாளன்று லோகப்பிரியா போய்ப் பார்த்தபோது பொக்லைன் ஓட்டி நிலம் மட்டமாக்கப்பட்டு, ஓரத்தில் சுண்ணாம்புக் கோடும் போட்டிருந்தது.

"சார், செடியெல்லாம்..."

"பூரா வழிச்சுப்போட்டேனுங்க அம்மணி! பாம்பு கீம்பு வந்துபோட்டா? நீங்க வாயத் தொறந்து கேக்கமாட்டீங்க, நாமளாத்தான் செஞ்சு குடுக்கோணும்."

கோபப்பட வழியில்லாத அன்பு. ஏ.சி. ஹாலில் ப்ரொஜெக்டரும் தயாராக இருந்தது. அங்கே திரையில் காட்டைக் காட்டினால் வேலை நிச்சயம் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகளை வெறும் மண்ணுக்கே கூட்டிப்போனாள். பெற்றோர் நிழலும் போண்டாவும் தேடிப் போனார்கள்.

"மிஸ், இங்க ஒண்ணுமே இல்லீங்க மிஸ்" என்றாள் ஷ்ரவ்யா என்ற மாணவி.

"இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு தேடுங்க."

தேடினார்கள். மதில் ஓரமாக எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊர் மாறிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் குப்புறப் படுத்துப் பின்தொடர்ந்தார்கள். போண்டா முடிந்து திரும்பிய பெற்றோர் கண்ணில் எறும்பு படவில்லை. செம்மண் அப்பிய யூனிஃபார்ம்தான் பட்டது.

"ஏ.சி. ஹாலு இருக்கறப்ப மண்ணுல உருட்டிப்போட்டீங்களே அம்மணி" என்று தாளாளர் நிஜமாகவே வருந்தினார். பீரியடும் இல்லை, போஸ்ட்டும் இல்லை. பள்ளி வேன் முதல் ட்ரிப் போய்த் திரும்பும்வரை இரண்டாவது ட்ரிப் பிள்ளைகள் சும்மாதானே நிற்கிறார்கள், விருப்பப்பட்டவர்களை வைத்து வகுப்பு நடத்திக்கொள்ளுங்கள் என்றார். சம்பளம் லேப் சம்பளமே.

மழை பெய்ததும் வெறும் மண்ணில் தும்பை முளைவிடத் தொடங்கியது. லோகப்பிரியா வேன் வரும்வரை அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். யாரும் வராத நாட்களில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள்.