நனைந்த பாவு

அப்பாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சங்கரன்கோவிலில் எங்கள் நெசவாளர் தெருவுக்கே அது தெரியும். பாதிப்பேர் அதைக் கேட்கத்தான் ஊர்க்கூட்டத்துக்கே வருவார்கள். எழுபதுகளின் கடைசியில் ஒரு கூட்டத்தில் அந்த வாய் எல்லை மீறிவிட்டது.

தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டலாம் என்றார் எதிர்வீட்டுச் சித்தப்பா. அவருக்கும் சித்திக்கும் குழந்தை கிடையாது. அப்பா எழுந்து, "புள்ள இல்லாதவருக்குப் பள்ளிக்கூடத்தப் பத்தி என்ன கவல?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஊர்த் தலைவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, மனதில் பட்டதைப் பேசக்கூட உரிமை இல்லையா என்று அப்பா எகிறினார். தலைவர் எங்களைத் தள்ளி வைத்தார். எங்கள் வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, பாவுக்குக் கை கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு.

பாவுதான் எங்கள் சோறு. தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலைக் கஞ்சியில் நனைத்து, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் இருபுறமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் நீவ வேண்டும். விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமும் பாழ். எந்த வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து நிற்கும். நனைந்த பாவைப் பார்த்துவிட்டு எந்த நெசவாளியும் சும்மா நிற்க மாட்டான் என்று நம்பி, அப்பா மறுவாரமே நூலை நனைத்துவிட்டார்.

நின்றார்கள். அவரவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா, அம்மா, நான், பிரஷ் பிடிக்கத் தெரியாத இரண்டு தம்பிகள். பாதி நீளம் போவதற்குள் நீவாத மறுபாதி காயத் தொடங்கியது. அம்மா அழுதுகொண்டே நீவினாள். அப்பாவின் வாய் அன்றைக்குத் திறக்கவேயில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, என் தம்பியின் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள். கட்டுப்பாட்டை மீறாதே என்று தலைவர் அதட்டினார். சித்தி நீவுவதை நிறுத்தவில்லை.

"ஏசினது எங்களத்தான அண்ணாச்சி? கோவமும் எங்களுக்குத்தான். இவுக மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். அதுக்காவ புள்ளைக சோத்துல கை வைங்கன்னு நான் கேட்டனா?"

சற்று நேரத்தில் சித்தப்பா வந்து மறுபுறம் நின்றார். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. வெயில் சுள்ளென்று விழுவதற்குள் பாவு முழுவதையும் நீவி முடித்துவிட்டோம்.

நன்றி சொல்லப் போன அம்மாவிடம் சித்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "சபையில சொன்னதச் சபையிலதான் திரும்ப எடுக்கணும்."

அடுத்த கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று, தான் பேசியது தப்பு என்றார். எல்லா வாய்ச்சவடாலும் ஒரே வரியில் முடிந்தது. சித்தி வாசலோரம் நின்று கேட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு நான் எவ்வளவு கடன்பட்டவள் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. கடைசிவரை சித்தி அப்பாவிடம் பேசவேயில்லை. எங்கள் வீட்டுப் பாவுக்கு ஒருமுறைகூட வராமலும் இருந்ததில்லை.